வேலை இடத்துல ரிஸ்க் அசெஸ்மென்ட்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் நேரடியான பதில்களும்

புதுசா சேஃப்டி கமிட்டில பேர் சேத்தவங்க, ஷிஃப்ட் சூப்பர்வைசருங்க, சின்னதா யூனிட் நடத்துறவங்க, இவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒண்ணா போட்டிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, வேண்டியத மட்டும் பாத்துக்கலாம். பர்மிட் (ஆபத்தான வேலைய ஆரம்பிக்க எழுதிக் கொடுக்குற அனுமதி), ஒடுக்கமான இடம் (டேங்க், மேன்ஹோல் மாதிரி) பத்தின பகுதிய மட்டும் தயவுசெஞ்சு யாரும் விட்டுடாதீங்க.

ரிஸ்க் அசெஸ்மென்ட்னா சுருக்கமா என்ன?

இந்த வேலைல யாருக்கு, எதனால, எப்படி அடிபடலாம் இல்ல உடம்பு கெடலாம், அதைத் தடுக்க இப்ப என்ன இருக்கு, அது போதுமா, போதலைன்னா இன்னும் என்ன பண்ணணும், அதை யாரு எந்த தேதிக்குள்ள பண்ணுவாங்க. அவ்ளோதாங்க. ஃபார்ம், மேட்ரிக்ஸ், சிவப்பு மஞ்சள் பச்சை கலர் எல்லாம் இதுக்கு உதவிக்கு வந்த சாமான்தான்.

ஒண்ணு சரியா நடந்திருக்கான்னு பாக்க நான் எப்பவும் கேக்குற ஒரே கேள்வி, இதை எழுதினதால அந்த வேலை செய்ற விதத்துல என்ன மாறுச்சு? ஒண்ணுமே மாறலைன்னா, ஏற்கெனவே எல்லாம் சரியா இருந்திருக்கணும், இல்லைன்னா யாரும் அந்த வேலையப் போய் பாக்காம உக்காந்த இடத்துலயே எழுதியிருக்கணும். ரெண்டாவதுதான் பெரும்பாலும்.

ஹசார்டுக்கும் ரிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதிடுறோம்.

ஸ்டோர்ல மூடி போட்டு வெச்சிருக்குற ஆசிட் ட்ரம் ஒரு ஹசார்டு, அதாவது கெடுதல் பண்ணக்கூடிய ஒண்ணு. அது அங்க இருக்குற வரைக்கும் ஹசார்டாதான் இருக்கும். அதை தினமும் ஒருத்தர் சாய்ச்சு பக்கெட்டுல ஊத்துறாருன்னா தெறிச்சு கண்ணுல படுற வாய்ப்பு அதிகம், பட்டா பார்வையே போகலாம், அது பெரிய ரிஸ்க். அதே ஆசிட்ட மூடின பைப் வழியா பம்ப் வெச்சு எடுத்தா ரிஸ்க் ரொம்ப கம்மி, ட்ரம் மட்டும் அதே ட்ரம்தான். கெடுதல் எவ்ளோ பெருசா இருக்கும், அது நடக்க எவ்ளோ வாய்ப்பு இருக்கு, இது ரெண்டும் சேந்ததுதான் ரிஸ்க்.

இது சட்டமா, இல்ல நல்லா இருக்கும்னு பண்றதா?

பல நாடுகள்ல சட்டம். இப்ப நாம பண்ற மாதிரியான முறைக்கு பிரிட்டன்ல 1972ல வந்த ராபன்ஸ் கமிட்டி அறிக்கை ஒரு முக்கியமான திருப்பம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியா விதி போட்டுக்கிட்டே போனா முடிவே இருக்காது, ரிஸ்க்க உண்டாக்குறவங்களே அதைக் கட்டுப்படுத்துற பொறுப்ப ஏத்துக்கணும்னு அதுல சொன்னாங்க. அதுல இருந்து 1974 சட்டம் வந்துச்சு, அப்புறம் 1999 விதிகள்ல எல்லா முதலாளியும் ரிஸ்க் அசெஸ்மென்ட் பண்ணியே ஆகணும், 5 பேர் அல்லது அதுக்கு மேல வேலைக்கு வெச்சிருந்தா முக்கியமானத எழுதியும் வெக்கணும்னு தெளிவா இருக்கு. உலக அளவுல பாத்தா ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) வேலைப் பாதுகாப்பு பத்தின 155வது கன்வென்ஷன் (உடன்படிக்கை) 1981ல வந்தது, 2022ல பாதுகாப்பான ஆரோக்கியமான வேலைச் சூழலை வேலை சம்பந்தமான அடிப்படை உரிமைகள்ல ஒண்ணா ஐஎல்ஓ சேத்துடுச்சு. ஐஎஸ்ஓ 45001 சர்டிஃபிகேட் வாங்குறவங்களுக்கு, அது வேலை இடப் பாதுகாப்புக்காக 2018ல வந்த சர்வதேச ஸ்டாண்டர்டு, அதோட மையமே இதுதான். உங்க ஊர் சட்டத்துல எந்த வேலைக்கு என்ன ரெக்கார்டு கேக்குறாங்கன்னு தனியா பாத்துக்கோங்க.

யாரு பண்ணணும்? கன்சல்டன்ட் வெச்சு பண்ணிக்கலாமா?

கன்சல்டன்ட் வரலாம், முறை சொல்லிக் கொடுக்கலாம், கெமிக்கல், சத்தம், தூசி மாதிரி அளந்து பாக்க வேண்டிய இடத்துல அவங்க கண்டிப்பா வேணும். ஆனா அந்த மெஷின் மதியத்துக்கு மேல சூடாகி அடிக்கடி ஜாம் ஆகும், அப்ப கார்டை (கை உள்ள போகாம தடுக்குற மூடி) கழட்டாம க்ளியர் பண்ணவே முடியாதுங்குறது அதை ஓட்டுற ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவர் இல்லாம எழுதின அசெஸ்மென்ட்ல பாதி உண்மை இருக்காது.

குறைஞ்சது ஓட்டுற ஆள் ஒருத்தர், மெயின்டனன்ஸ் ஆள் ஒருத்தர், அந்த ஏரியா சூப்பர்வைசர், இவங்க மூணு பேராவது நின்னு பேசணும். முடிஞ்சா க்ளீனிங் பண்றவங்களையும் கூப்பிடுங்க. எல்லாரும் போனப்புறம் மெஷினுக்கு அடில கைய விட்டுத் துடைக்கிறவங்க அவங்கதான், ஆனா மீட்டிங்குக்கு அவங்கள யாருமே கூப்பிடுறதில்ல, எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம்.

ஹசார்டு எல்லாத்தையும் எப்படி கண்டுபிடிக்கிறது? எதாவது விட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு.

வேலை நடக்குறப்ப போய் நில்லுங்க, மெஷின் நிக்குறப்ப இல்ல. ஒரு முழு சைக்கிள் பாருங்க, பொருள் வந்து இறங்குறதுல இருந்து முடிஞ்சு வெளிய போற வரைக்கும். நடுவுல ஆளுங்க எங்க குனியுறாங்க, எங்க எட்டி எடுக்குறாங்க, எங்க அவசரப்படுறாங்க, எங்க ஒரு கட்டைய முட்டுக் கொடுத்திருக்காங்க, எந்த சென்சார் மேல டேப் ஒட்டியிருக்குன்னு கவனிங்க. டேப் ஒட்டியிருந்தா உடனே சத்தம் போடாதீங்க. அங்க ஏதோ ஒரு நிஜமான பிரச்சனை இருக்கு, அதை அவங்க தங்களுக்குத் தெரிஞ்ச வழியில சமாளிச்சிருக்காங்க, ஏன் ஒட்டுனீங்கன்னு நிதானமா கேட்டா அரை மணி நேரத்துல உங்களுக்கு பத்து பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும்.

சாதாரண ஓட்டத்தை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, நிறைய பேர் விடுற இடம் இதுதான். ஸ்டார்ட் பண்றப்ப, நிறுத்துறப்ப, ஜாம் எடுக்குறப்ப, கரண்ட் போய் திரும்பி வர்றப்ப, க்ளீனிங் பண்றப்ப, ரிப்பேர் பண்றப்ப, ஆள் கம்மியா இருக்குற நைட் ஷிஃப்ட்ல, லீவு முடிஞ்சு முதல் நாள்ல என்ன நடக்குதுன்னு தனித்தனியா கேக்கணும். தினமும் நடக்குற வேலைக்கு கார்டு, ஸ்விட்ச், பழக்கம் எல்லாம் இருக்கும், எப்பவாவது நடக்குற வேலைக்கு எதுவுமே இருக்காது.

அப்புறம் ஃபர்ஸ்ட் எய்ட் ரிஜிஸ்டர எடுத்துப் பாருங்க. ஒரே லைன்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு பேர் விரல்ல பிளாஸ்திரி போட்டிருந்தா அங்க ஒரு கூர்மையான விளிம்பு இருக்கு. சிக் லீவு ரெக்கார்டு, மெயின்டனன்ஸ் பிரேக்டவுன் லிஸ்ட், கெமிக்கல் வந்தா கூட வர்ற சேஃப்டி டேட்டா ஷீட், மெஷின் மேனுவல், இதெல்லாம் ஓசில கிடைக்குற தகவல்.

ஃபார்ம்ல ஹசார்டுன்னு இருக்குற கட்டத்துல என்ன எழுதுறது? நாங்க 'மெஷின்', 'கரண்ட்', 'உயரம்'னு எழுதுறோம்.

அப்படி எழுதினா அடுத்த கட்டத்துல 'கவனமா வேலை செய்யணும்'னுதான் வரும், வேற என்ன வரும்? என்ன நடக்கும்னு ஒரு முழு வாக்கியமா எழுதுங்க. உதாரணத்துக்கு, 'ரெண்டு ரோலருக்கு நடுவுல ஷீட் சுருண்டு மாட்டுறப்ப ஆபரேட்டர் ஓட்டத்துலயே கையால இழுக்குறாரு, க்ளவுஸ் மாட்டி கை உள்ள போகலாம், ஒரு ஷிஃப்டுக்கு நாலஞ்சு தடவ நடக்குது.' இப்படி எழுதினதுமே என்ன பண்ணணும்னு தானா தெரியுது பாருங்க. ஷீட் ஏன் சுருளுதுன்னு பாத்து அதை சரி பண்ணலாம், கை போகாத மாதிரி ஃபிக்ஸ்டு கார்டு போடலாம், கார்டு திறந்தா ரோலர் நிக்குற மாதிரி இன்டர்லாக் வெக்கலாம், சுத்துற இடத்துல க்ளவுஸே கூடாதுன்னு முடிவெடுக்கலாம். கவனமா இருங்கன்னு போர்டு மாட்டுறதுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம்!

யாருக்கு பாதிப்புன்னு எழுதுறப்ப 'எல்லா தொழிலாளிகளும்'னு போட்டா போதாதா?

போதாது. கர்ப்பமா இருக்குறவங்களுக்கு சில கெமிக்கலும் தூக்குற வேலையும் வேற மாதிரி பாதிப்பு, புதுசா சேந்த சின்னப் பசங்களுக்கு ஆபத்து எங்க இருக்குன்னே தெரியாது, காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு உங்க ப்ளான்ட் பழக்கமில்ல, பாஷை புரியாதவங்களுக்கு நீங்க ஒட்டின நோட்டீஸ் வெறும் பேப்பர், தனியா வேலை செய்றவருக்கு அடிபட்டா கூப்பிட ஆள் இல்ல. வண்டி கொண்டு வர்ற டிரைவரையும் விசிட்டரையும் சேத்துக்கோங்க. பேர் தனியா எழுதினாத்தான் அவங்களுக்கு என்ன வேணும்னு யோசிப்போம்.

மேட்ரிக்ஸ்ல மார்க் போடுறது எப்படி? ஒரு ஆள் 8 சொல்றாரு, இன்னொரு ஆள் 15 சொல்றாரு.

வழக்கமான 5க்கு 5 மேட்ரிக்ஸ்ல, நடக்குற வாய்ப்பு 1ல இருந்து 5, பாதிப்போட அளவு 1ல இருந்து 5, ரெண்டையும் பெருக்கி 25 வரைக்கும் ஒரு நம்பர். எதை முதல்ல கவனிக்கணும்னு வரிசைப்படுத்த இது உதவும். அளவுகோல் வெச்சு அளந்த மாதிரி நினைச்சுக்கிட்டா ஏமாந்துடுவோம், ஏன்னா இதெல்லாம் நம்ம கணிப்புதான்.

பெரிய கோளாறு ஒண்ணு இருக்கு. அடிக்கடி நடக்குற சின்ன கீறலுக்கு 5 பெருக்கல் 1, எப்பவாவது நடந்தா உயிரே போற விஷயத்துக்கு 1 பெருக்கல் 5, ரெண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே பச்சைக் கலர். நான் சொல்றது, பாதிப்பு 5னு வந்தா நம்பரை பாக்காதீங்க, தடுப்பு நிஜமாவே வேலை செய்யுதான்னு தனியா ஒரு தடவ நேர்ல போய் பாருங்க. இன்னொண்ணு, பயிற்சி கொடுத்தோம்னு எழுதிட்டு பாதிப்போட மார்க்க 5ல இருந்து 2க்கு குறைக்கிறாங்க. பயிற்சி எடுத்தவர் 10 மீட்டர்ல இருந்து விழுந்தாலும் அதே அடிதான், குறைஞ்சா வாய்ப்பு கொஞ்சம் குறையும். உயரத்துல இருந்து செய்ற வேலைய தரையில செய்ற மாதிரி மாத்தினாத்தான் பாதிப்பே குறையும்.

8ஆ 15ஆன்னு சண்டை வந்தா அதை நல்லதா எடுத்துக்கோங்க. ஒருத்தர் பாத்ததை இன்னொருத்தர் பாக்கல, அவ்ளோதான். அவர் என்ன பாத்தாருன்னு கேளுங்க, நம்பர் தானா ஒண்ணு சேரும்.

தடுப்பு வழிகளுக்கு ஏன் ஒரு வரிசை சொல்றாங்க? ஹெல்மெட், க்ளவுஸ், மாஸ்க் கொடுத்தாலே போதும்ல?

வரிசை இப்படி: முதல்ல ஆபத்தையே எடுத்துடுறது, முடியலைன்னா ஆபத்து கம்மியான வேற ஒண்ணை மாத்துறது, அடுத்து கார்டு, உறிஞ்சுற எக்ஸாஸ்ட் மாதிரி எஞ்சினியரிங் வழி, அப்புறம் விதிமுறை, பயிற்சி, ஷிஃப்ட் மாத்தி விடுறது, கடைசியா பிபிஇ, அதாவது ஹெல்மெட், க்ளவுஸ், மாஸ்க் மாதிரி ஆள் மேல போட்டுக்குற பாதுகாப்பு சாமான். மேல இருக்குறது ஆள் தூங்கி வழிஞ்சாலும் காப்பாத்தும், கீழ போகப் போக ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு நிமிஷமும் தப்பே பண்ணாம இருந்தாத்தான் காப்பாத்தும்.

காதுக்கு போடுற இயர் மஃப்ப எடுத்துக்கோங்க. 30 டெசிபல் குறைக்கும்னு டப்பால போட்டிருக்கு. ஷிஃப்ட் முழுக்க போட்டிருந்தாத்தான் அந்த 30. பேசணும், வேர்க்குது, போன் வந்துச்சுன்னு பாதி நேரம் கழட்டி வெச்சா ஒட்டுமொத்தமா கிடைக்கிற பாதுகாப்பு சுமார் 3 டெசிபல்தான். நம்பவே முடியாது, ஆனா கணக்கு அதுதான்: சத்தம் 3 டெசிபல் ஏறினா அதோட சக்தி ரெட்டிப்பாகும், அதனால கழட்டின அந்த பாதி நேரத்துலயே அன்னிக்கு காதுக்கு போற சத்தம் மொத்தமும் போய்டுது. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்னு பல இடத்துல ஒரு வரம்பு வெச்சிருக்காங்க, அதே கணக்குல 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம். இப்ப சொல்லுங்க, மஃப் வாங்கிக் கொடுக்குறதா, சத்தம் போடுற கம்ப்ரசர தனி ரூம்ல அடைக்கிறதா?

உயரத்துல வேலை செய்றவர் உடம்புல மாட்டுற ஹார்னஸ் பெல்ட்டும் அப்படித்தான். 2 மீட்டர் லேன்யார்டு (ஹார்னஸ மாட்டுற பாயின்ட்டோட இணைக்கிற கயிறு), விழுறப்ப அதோட ஷாக் அப்சார்பர் விரிஞ்சு 1.75 மீட்டர் வரைக்கும் போகலாம், முதுகுல மாட்டுற வளையத்துல இருந்து கால் வரைக்கும் ஒரு 1.5 மீட்டர், கீழ பாதுகாப்புக்கு 1 மீட்டர். கூட்டினா மாட்டுற பாயின்ட்ல இருந்து 6.25 மீட்டர் காலியா இருக்கணும். 4 மீட்டர் உயரத்துல இடுப்பளவுல கொக்கிய மாட்டிட்டு ஒருத்தர் நின்னா, அவர் ஹார்னஸ் போட்டிருக்காரு, பேப்பர்ல டிக் இருக்கு, விழுந்தா ஹார்னஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடியே தரைல மோதிடுவாரு. அந்த உயரத்துக்கு கைப்பிடி வெச்ச பிளாட்ஃபார்ம் இல்ல கயிறை தானா சுருட்டிக்கிற ப்ளாக் வேணும். தொங்குற ஆளை சில நிமிஷத்துல இறக்க என்ன வழின்னும் முன்னாடியே யோசிச்சு வெக்கணும், தொங்கிக்கிட்டே இருந்தா கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரும்.

பிபிஇ வேண்டாம்னு சொல்லல, மேல இருக்குற எல்லாம் பண்ணின அப்புறமும் மிச்சம் இருக்குறதுக்கு அது வேணும். அதை மட்டும் கொடுத்துட்டு நிம்மதியா போறத்தான் வேண்டாங்குறேன்.

எவ்ளோ செலவு பண்ணினா போதும்? எல்லா ரிஸ்க்கையும் பூஜ்யமாக்க முடியாதே.

முடியாது, யாரும் கேக்கவும் இல்ல. 1949ல பிரிட்டன்ல நேஷனல் கோல் போர்டு மேல நடந்த ஒரு வழக்கு இன்னிக்கும் இதுக்கு அடிப்படை. சுரங்கத்துல பக்கச்சுவர் சரிஞ்சு ஒரு தொழிலாளி இறந்துட்டாரு. கோர்ட் சொன்னது இதுதான்: ஒரு பக்கம் ரிஸ்க்க வை, இன்னொரு பக்கம் அதை குறைக்க ஆகுற பணம், நேரம், சிரமத்தை வை, செலவு ரிஸ்க்க விட ரொம்ப ரொம்ப அதிகமா, கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு இருந்தாத்தான் பண்ணாம விடலாம். கொஞ்சம் அதிகம்னு சொல்லித் தப்பிக்க முடியாது, தராசு ஆளோட பக்கமாத்தான் சாய்ஞ்சு இருக்கணும். இன்னொரு விஷயம், இந்தக் கணக்க வேலை நடக்குறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும், ஆக்சிடென்ட் ஆனப்புறம் போட்டுக் காட்டுறது செல்லாது. கம்பெனிகிட்ட காசு இல்லைங்குறதும் இதுல வராது.

பர்மிட், ஒடுக்கமான இடம், இதுக்கெல்லாம் பொதுவான அசெஸ்மென்ட் போதுமா?

போதவே போதாது. டேங்க், பிட், மேன்ஹோல், சைலோ மாதிரி இடத்துல ஒவ்வொரு தடவையும், அந்த நாளுக்கு, அந்த நேரத்துக்கு தனியா பாக்கணும். நாம சுவாசிக்கிற காத்துல ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5க்கு கீழ போனா உள்ள போகக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. வெறும் இரும்பு டேங்க் மூடியே கிடந்தாலும் துரு பிடிக்கிறப்ப உள்ள இருக்குற ஆக்ஸிஜனை அது எடுத்துக்கும், பாக்க சுத்தமா இருக்கும், வாடையே இருக்காது, இறங்கின ஆள் ரெண்டு மூச்சுல சாய்ஞ்சிடலாம். கழிவு இருக்குற இடத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், ஆரம்பத்துல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், காத்துல 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) கிட்ட போனா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, போயிடுச்சுன்னு நினைச்சு ஆள் இறங்குவாரு.

மேல நிக்குறவர் பாத்துட்டு பதறி அவரைத் தூக்க இறங்குவாரு, அவரும் விழுவாரு, மூணாவதா ஒருத்தர் இறங்குவாரு. இந்த மாதிரி விபத்துல காப்பாத்தப் போனவங்க சாவுறது உலகம் முழுக்க திரும்பத் திரும்ப நடக்குது. அதனால மேல, நடு, கீழ மூணு இடத்துலயும் மீட்டர் வெச்சு அளக்கணும், வேலை நடக்குறப்பவும் அளந்துக்கிட்டே இருக்கணும், ஆளை மேல தூக்குற ட்ரைபாடும் விஞ்ச்சும் முதல் ஆள் இறங்குறதுக்கு முன்னாடியே நின்னுருக்கணும், வெளிய நிக்குற ஆள் என்ன ஆனாலும் உள்ள போகமாட்டேன்னு தெளிவா தெரிஞ்சு நிக்கணும். அதுக்கும் முன்னாடி, உள்ள ஆள் போகாமலே கேமரா வெச்சோ வெளிய இருந்து ஜெட் அடிச்சோ முடிக்க முடியுமான்னு கேளுங்க.

பர்மிட் எழுதினா மட்டும் ஆள் பொழைக்க மாட்டாங்கங்குறதுக்கு பைப்பர் ஆல்ஃபாவ மறக்கக்கூடாது. 1988 ஜூலை 6, வட கடல்ல எண்ணெய் எடுக்குற பிளாட்ஃபார்ம். ஒரு பம்ப்போட சேஃப்டி வால்வ கழட்டி மெயின்டனன்ஸ்க்கு எடுத்துட்டு, அந்த ஓட்டைய தகடு வெச்சு மூடியிருந்தாங்க. பம்ப்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு தனியா ஒரு பர்மிட். ராத்திரி இன்னொரு பம்ப் நின்னுபோனதும், வால்வு இல்லாத விஷயம் கன்ட்ரோல் ரூம்ல இருந்தவங்களுக்கு போய்ச் சேராம வால்வு கழட்டின பம்ப்பையே ஓட்டிட்டாங்க. அங்க கசிஞ்சு வெடிச்சு 167 பேர் செத்துட்டாங்க. பேப்பர் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணை பாத்தவர் இன்னொண்ணை பாக்கல, ஷிஃப்ட் மாறுறப்ப யாரும் வாயால சொல்லல. உங்க இடத்துல ஷிஃப்ட் கைமாத்துறது எப்படி நடக்குதுன்னு இந்த வாரமே போய் நின்னு பாருங்க.

"இத்தன வருஷமா ஒண்ணுமே ஆகல"ன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?

ஒண்ணும் ஆகாம இருந்ததுக்கு தடுப்பு காரணமா, அதிர்ஷ்டம் காரணமான்னு அவங்களுக்கே தெரியாது. 2005 மார்ச் 23, அமெரிக்காவுல டெக்சாஸ் சிட்டி எண்ணெய் ரிஃபைனரி. ஆளுங்க அடிபடுற கணக்கு குறைஞ்சிருந்ததால எல்லாம் நல்லா இருக்குன்னு மேல இருக்குறவங்க நம்பிட்டாங்க. அன்னிக்கு ஒரு யூனிட்ட ஸ்டார்ட் பண்றப்ப டவர்ல அளவுக்கு மேல திரவம் ஏறி வழிஞ்சு வெடிச்சு 15 பேர் போனாங்க. அவங்க எல்லாம் பக்கத்துல போட்டிருந்த தற்காலிக ட்ரெய்லர்லயும் அதைச் சுத்தியும் இருந்த காண்ட்ராக்ட் ஆளுங்க, ஸ்டார்ட் அப் நடக்குதுன்னு அவங்களுக்கு தகவலே போகல. விரல் வெட்டு, வழுக்கி விழுறது இதெல்லாம் குறைஞ்சா பெரிய வெடிப்போட ரிஸ்க்கும் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்ல, ரெண்டும் வேற வேற காரணத்தால வருது.

அதனால நியர் மிஸ்ஸ, அதாவது அடிபடாம நூலிழைல தப்பினத, எழுதுங்க. எழுதினவரை கூப்பிட்டு திட்டினா அதோட சரி, அடுத்தது உங்க காதுக்கு வராது.

தூசி, சத்தம், டென்ஷன் இதெல்லாம் சேக்கணுமா? கண்ணுக்கு தெரியுற அடி இல்லையே.

கண்டிப்பா. ஆஸ்பெஸ்டாஸ் சுவாசிச்சவங்களுக்கு நோய் வர 10 வருஷம், 20 வருஷம், 40 வருஷம் கூட ஆகுது, அப்ப அவர் உங்க ரிஜிஸ்டர்லயே இருக்கமாட்டாரு. கல்லு, கான்க்ரீட் வெட்டுறப்ப வர்ற சிலிக்கா தூசில நுரையீரலுக்குள்ள போறது கண்ணுக்கே தெரியாத சைஸ், கண்ணுக்கு தெரியுற தூசி உக்காந்தப்புறமும் அது காத்துல மிதந்துக்கிட்டே இருக்கும். துடைப்பம் போட்டு கூட்டினாலோ ஏர் அடிச்சாலோ திரும்ப கிளம்பிடும், தண்ணி விட்டு வெட்டணும், அதுக்குன்னு இருக்குற ஃபில்டர் வெச்ச வாக்யூம் வெச்சு எடுக்கணும். மாஸ்க் கொடுத்தா முகத்துக்கு பொருந்துதான்னு ஃபிட் டெஸ்ட் பண்ணுங்க, இறுக்கமா உக்கார வேண்டிய மாஸ்க் தாடி மேல உக்காராது.

வேலை பளு, நைட் ஷிஃப்ட், சூப்பர்வைசரோட வசவு, இதுவும் ஹசார்டுதான். தூக்கமில்லாம 12 மணி நேரம் நிக்குறவர்கிட்ட கவனமா இருங்கன்னு எழுதி ஒட்டி என்ன பிரயோஜனம்.

எப்பெல்லாம் திரும்ப பாக்கணும்? வருஷத்துக்கு ஒரு தடவ போதுமா?

வருஷத்துக்கு ஒரு தடவைங்குறது நல்ல பழக்கம். ஆனா ஏதாவது மாறினா அன்னிக்கே பாக்கணும்: புது மெஷின், புது கெமிக்கல், இடம் மாத்தினது, ஆள் குறைச்சது, ஆக்சிடென்ட், நியர் மிஸ். தற்காலிகம்னு பண்றதுதான் ரொம்ப மோசம். 1974 ஜூன் 1, இங்கிலாந்துல ஃப்ளிக்ஸ்பரோ கெமிக்கல் ஃபேக்டரி. வரிசையா இருந்த 6 ரியாக்டர்ல ஒண்ணுல விரிசல் விட்டுச்சு, அதைக் கழட்டிட்டு நாலாவதையும் ஆறாவதையும் 20 இன்ச் பைப் போட்டு இணைச்சாங்க. அந்த பைப்புக்கு முறையான டிசைன் ட்ராயிங் கிடையாது, வொர்க்ஷாப் தரைல சாக்பீஸால வரைஞ்சதுதான் ட்ராயிங். ரெண்டு மாசம் ஓடுச்சு, அப்புறம் உடைஞ்சு சைக்ளோஹெக்சேன் வெளிய வந்து வெடிச்சு 28 பேர் இறந்தாங்க. அது ஒரு சனிக்கிழமை, ஆஃபீஸ்ல ஆள் கம்மி, இல்லைன்னா எண்ணிக்கை எங்கயோ போயிருக்கும். ப்ரொடக்‌ஷன் நிக்கக்கூடாதுன்னு இன்னிக்கு ஒரு நாளைக்குன்னு போடுற எந்த ஏற்பாட்டையும் இந்த சாக்பீஸ் கோட்ட நினைச்சுக்கிட்டு பாருங்க.

நெட்ல இருந்து எடுத்த டெம்ப்ளேட், காண்ட்ராக்டர் கொண்டு வர்ற அசெஸ்மென்ட், இதை அப்படியே வெச்சுக்கலாமா?

டெம்ப்ளேட் ஞாபகப்படுத்துற லிஸ்ட்டா நல்லா இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு இடத்துக்கு போங்க, உங்க இடத்துல இல்லாததை அடிங்க, இருக்குறதை சேருங்க. காண்ட்ராக்டர் கொண்டு வர்றதுல அவரோட வேலை பத்தி இருக்கும், உங்க இடத்தைப் பத்தி இருக்காது. அவர் வெல்டிங் பண்ற இடத்துக்கு சுவத்துக்கு அந்தப் பக்கம் சால்வென்ட் ஸ்டோர் இருக்குன்னு நீங்கதான் சொல்லணும், ரெண்டு பேரும் உக்காந்து அந்த சந்துல என்ன நடக்கும்னு பேசணும்.

ஆளுங்க சொல்ற பேச்சே கேக்க மாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

விதிய ஃபாலோ பண்ணிக்கிட்டே அந்த வேலைய கொடுத்த நேரத்துல முடிக்க முடியுமான்னு முதல்ல நீங்களே ஒரு தடவ செஞ்சு பாருங்க. லாக் அவுட் பண்ண, அதாவது கரண்ட்ட நிறுத்தி யாரும் திரும்ப போடாத மாதிரி பூட்டு போட, 20 நிமிஷம் ஆகும், ஜாம் எடுக்க 1 நிமிஷம் ஆகும், டார்கெட் குறையாதுன்னா யாரா இருந்தாலும் லாக் போடமாட்டாங்க. ஐசொலேட்டர (கரண்ட்ட துண்டிக்கிற ஸ்விட்ச்) மெஷின் பக்கத்துலயே கொண்டு வந்து வெச்சீங்கன்னா போடுவாங்க. கண்ணாடி பனி பிடிக்குதுன்னா வேற கண்ணாடி வாங்குங்க. இதெல்லாம் பண்ணியும் ஒருத்தர் வேணும்னே மீறினா அப்ப கண்டிப்பா பேசலாம், அது ரொம்ப அபூர்வம்.

இடத்துக்கு போனா நிலைமை வேற மாதிரி இருக்கு, அப்ப?

நிறுத்துங்க. மழை, காத்து, பக்கத்துல வேற வேலை, வர வேண்டிய ஆள் வரல, எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் என்ன மாறியிருக்குன்னு பேசிட்டு, எழுதின தடுப்பு பொருந்தலைன்னா வேலைய நிறுத்தி போன் பண்ற உரிமை அங்க நிக்குற கடைசி ஆளுக்கும் இருக்கணும். நிறுத்தினவருக்கு சம்பளம் வெட்டினீங்கன்னா அந்த உரிமை பேப்பர்ல மட்டும்தான்.

சின்ன யூனிட், நாலு பேர்தான் இருக்கோம். எங்க ஆரம்பிக்கிறது?

ஒரே ஒரு வேலைய எடுங்க, உங்க இடத்துல ஆள் சாகவோ கை கால் போகவோ வாய்ப்பு இருக்குறது எதுன்னு கேட்டா நாலு பேரும் ஒரே வேலையத்தான் சொல்லுவாங்க. ஃபோர்க்லிஃப்ட்டா இருக்கலாம், ஆஸ்பத்திரி போற அளவுக்கு ஷாக் அடிச்ச பழைய போர்டா இருக்கலாம், கூரை மேல ஏறுறதா இருக்கலாம். அது நடக்குறப்ப போய் நின்னு பாருங்க, ஒரு பக்கம் எழுதுங்க: என்ன நடக்கலாம், இப்ப என்ன இருக்கு, இன்னும் என்ன வேணும், யாரு, எந்த தேதி. அந்த தேதில திரும்ப அதே இடத்துக்கு போய் ஆச்சான்னு பாருங்க, ஆகலைன்னா அன்னிக்கே ஏன்னு கேளுங்க. அது முடிஞ்சதும் ரெண்டாவது வேலை. 40 பக்கம் ஒரே வாரத்துல எழுத நினைக்காதீங்க, எழுதின ஒரு பக்கத்தை அந்த வேலை செய்றவருக்கு படிச்சுக் காட்டி இது சரியான்னு கேளுங்க, அவர் ரெண்டு இடத்துலயாவது திருத்துவாரு, அந்தத் திருத்தத்தையும் சேத்து அவர் பேரையும் கீழ போடுங்க.